மாத்திரை கையில் இருந்தும் மலேரியா: லைபீரியா 2003, ஒரு நிகழ்வு ஆய்வு

2003 ஆகஸ்ட். லைபீரியாவில் 1989 முதல் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போர் அடங்கும் நேரம். 11-ஆம் தேதி அதிபர் சார்லஸ் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போய்விட்டார். 14-ஆம் தேதி, மேற்கு ஆப்பிரிக்க அமைதிப்படைக்குத் துணையாக அமெரிக்க மரைன் படையினர் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து கரைக்கு வந்தார்கள். தலைநகர் மன்ரோவியாவுக்கு வெளியே உள்ள ராபர்ட்ஸ் பன்னாட்டு விமான நிலையத்தில் தங்கினார்கள். மழைக்காலம் அது. மன்ரோவியாவில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. இரவில் கடிக்கும் அனாஃபிலிஸ் கொசுவுக்கு இதைவிட வாகான இடமும் காலமும் வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோர் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். தலைவலி, குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி. மலேரியாவிலேயே ஆபத்தான வகையான ஃபால்சிபாரம் மலேரியா உறுதியான அல்லது சந்தேகிக்கப்பட்ட 44 மரைன்களை லைபீரியக் கடலோரத்திலிருந்து மருத்துவமனைகளுக்கு வெளியேற்ற வேண்டிவந்தது. மேரிலாந்தில் உள்ள பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஒரே நேரத்தில் அத்தனை மலேரியா நோயாளிகள் படுத்திருந்ததை அங்கிருந்த மருத்துவர்கள் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்கள். எல்லோரையும் கூட்டினால் நோயுற்றவர்கள் ஏறக்குறைய 80 பேர். இளம் வயது, திடகாத்திரமான உடம்பு, இராணுவக் கட்டுப்பாடு. அத்தனையும் இருந்து இத்தனை பேர்.

இவர்களுக்கு மலேரியா தடுப்பு மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் இந்த நிகழ்வை ஆய்வுக்கு உரியதாக்குகிறது. மெஃப்ளோகுயின், 250 மில்லிகிராம், வாரம் ஒன்று.

நான் மருந்தியல் பாடம் நடத்துகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குக் கிளம்பும் நம் ஊர்ப் பையன்களும் கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "மாத்திரை எத்தனை நாளில் வேலை செய்யும்? எத்தனை நாளில் உடம்பை விட்டுப் போகும்?" இரண்டு கேள்விகள்போலத் தெரிந்தாலும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தை லைபீரியா நிகழ்வைப்போல வெளிச்சம் போட்டுக் காட்டும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஏனென்றால் அந்த விசாரணையில் நோயாளிகளின் வாய்மொழியோடு நிறுத்தாமல் அவர்களுடைய இரத்தத்தையும் கேட்டார்கள்.

நான்கு ஐயங்கள்

தடுப்பு மாத்திரை கொடுத்தும் மலேரியா வந்தால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். மாத்திரையே சரியில்லை. மாத்திரை சரி, ஒட்டுண்ணி அதற்கு அடங்காத வகை. இரண்டும் சரி, மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை. கடைசியாக, மாத்திரை போனது, ஆனால் போதிய அளவு சேர்வதற்கு நேரம் இல்லை, அல்லது சேர்ந்தது இறங்கிவிட்டது.

முதல் இரண்டும் விரைவில் விலகின. மரைன்களிடமிருந்து சேகரித்த மாத்திரைகளைச் சோதித்தபோது அவை மெஃப்ளோகுயின்தான் என்பதும், அமெரிக்க மருந்துத் தரநூல் விதித்தபடி கரைகின்றன என்பதும் உறுதியாயிற்று. போலி மருந்தோ கெட்டுப்போன மருந்தோ இல்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளில் மெஃப்ளோகுயினை எதிர்த்து நிற்கும் வகை எதுவும் தென்படவில்லை. அப்படிப்பட்ட வகைகள் தாய்லாந்தின் எல்லைப் பகுதிகளில் நெடுநாளாகப் பெருகியிருந்தன. லைபீரியாவில் அது காரணமாகவில்லை.

மிஞ்சியவை மூன்றாவதும் நான்காவதும். இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல, அதனால்தான் மருந்தின் கணக்கை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒட்டுண்ணியின் கால அட்டவணை

கொசு கடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டுண்ணி கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஃபால்சிபாரம் வகை அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். அந்த வாரத்தில் காய்ச்சல் கிடையாது, இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, ஆளும் நன்றாக நடமாடுவார். உள்ளே ஒன்று பல்லாயிரமாகப் பெருகிக்கொண்டிருக்கும். பிறகு கல்லீரல் செல் வெடித்து அவை இரத்தத்துக்குள் கொட்டும், சிவப்பணுக்களுக்குள் நுழையும், 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று பெருகும். கடித்த நாளிலிருந்து காய்ச்சல் வர பொதுவாக ஒன்பது முதல் பதினான்கு நாள். ஆகஸ்ட் பின்பாதியில் கடி, செப்டம்பர் தொடக்கத்தில் காய்ச்சல் என்பது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

மெஃப்ளோகுயின் கல்லீரலில் இருக்கும் ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. சிவப்பணுவுக்குள் வந்த பிறகுதான் அதற்கு வேலை. ஆகவே அது கொசுக்கடியைத் தடுப்பதில்லை, ஒட்டுண்ணி உடம்புக்குள் நுழைவதையும் தடுப்பதில்லை. கல்லீரலை விட்டு இரத்தத்துக்கு வரும் நாளில் அங்கே காத்திருந்து கொல்கிறது. அந்த நாளில் இரத்தத்தில் மருந்து போதிய அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நோய்ப்பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் மாத்திரை போடச் சொல்வது இதனால்தான். கடைசி நாள் இரவு கடித்த கொசு விட்டுச் சென்றது இன்னும் கல்லீரலில்தான் இருக்கும். "ஊருக்கு வந்தாச்சே, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்துகிறவர்கள் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

மருந்தின் கால அட்டவணை

மெஃப்ளோகுயின் பிறந்ததே போர்க்களத் தேவையில். வியட்நாமில் குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியாவை எதிர்கொண்ட அமெரிக்க இராணுவம் இலட்சக்கணக்கான வேதிப்பொருள்களைச் சோதித்தது. வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனத்தின் அந்த நீண்ட தேடலில் தேறியது இது. 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பெரிய சிறப்பாகக் கருதப்பட்டது அது உடம்பில் தங்கும் காலம். விழுங்கிய மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும், சராசரியாக மூன்று வாரம் எனலாம். இந்தப் பாதியாகும் காலத்தைத்தான் அரை ஆயுட்காலம் என்கிறோம். இதனால் தினமும் விழுங்க வேண்டியதில்லை, வாரம் ஒன்று போதும்.

நீண்ட அரை ஆயுளின் மறுபக்கத்தை மக்கள் யோசிப்பதில்லை. மெதுவாக வெளியேறும் மருந்து, மெதுவாகத்தான் சேரும். ஒரே மாத்திரையில் பாதுகாப்பு வந்துவிடாது. பழைய மாத்திரையின் மிச்சத்தின் மேல் புதிய மாத்திரை, அதன் மிச்சத்தின் மேல் இன்னொன்று என்று படிப்படியாக உயர வேண்டும். தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் அடியில் சிறு ஓட்டை இருந்தால், ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகும் வரை மட்டம் ஏறிக்கொண்டே போகுமல்லவா, அப்படி. அந்தச் சமநிலையை மெஃப்ளோகுயின் எட்ட 7 முதல் 10 வாரம் பிடிக்கும். அப்போது உச்ச அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் 1,000 முதல் 2,000 நானோகிராம் வரை இருக்கும்.

இதை ஒருமுறையாவது கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் வற்புறுத்துவேன். வசதிக்காக அரை ஆயுளை 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். மெஃப்ளோகுயினில் ஒரு சுலபம் உண்டு: ஒரு தடவை எத்தனை மில்லிகிராம் விழுங்கினோமோ, கிட்டத்தட்ட அதே எண்தான் நானோகிராமில் உச்ச அளவாக வரும். 250 மில்லிகிராம் மாத்திரைக்கு 250 நானோகிராம். ஒரு வாரத்தில் அது ஏறக்குறைய 196 ஆகக் குறையும். இரண்டாவது மாத்திரை போட்டதும் 446. மூன்றாவதில் 600. நான்காவதில் 721. ஐந்தாவதில் 816.

இந்த இடத்தில் ஓர் எண்ணைக் கொண்டுவருகிறேன்: 794. லைபீரியா விசாரணையில் பாதுகாப்போடு தொடர்புடையது என்று எடுத்துக்கொண்ட அளவு, மில்லிலிட்டருக்கு 794 நானோகிராமுக்கு மேல். என் தோராயக் கணக்கில் ஐந்தாவது மாத்திரை அன்றுதான் ஒருவர் முதன்முதலாக இந்தக் கோட்டைத் தொடுகிறார். தொட்ட ஒரு நாளுக்குள் மீண்டும் கீழே இறங்கிவிடுகிறார். வாரம் முழுவதும் கோட்டுக்கு மேலேயே நிற்பது ஒன்பதாவது மாத்திரைக்குப் பிறகுதான்.

793 என்றால் நோய், 795 என்றால் பாதுகாப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழேயும் ஓரளவு பாதுகாப்பு இருக்கும். அளவு இறங்க இறங்க அது மெலியும். பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கச் சொல்வது மருந்தின் மட்டத்தை உயர்த்தத்தான். இன்னொரு காரணமும் உண்டு: மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது கிளம்பும் முன்பே தெரிந்துவிடும், வேறு மருந்துக்கு மாற அவகாசம் கிடைக்கும். அவசரமாகக் கிளம்ப வேண்டியவர்களுக்கு முதல் மூன்று நாளும் நாளுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, பிறகு வாரம் ஒன்றுக்கு மாற்றும் முறையும் இருக்கிறது. கணக்குப் போட்டால் மூன்றாம் நாளே 725 வரும். நான்கு வாரத்தில் எட்டும் மட்டத்தை மூன்று நாளில் எட்டும் வழி அது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டியது, சொந்தமாகச் செய்துபார்ப்பதற்கானதல்ல.

இப்போது எதிர்த்திசையில் போவோம். மாதக்கணக்கில் ஒழுங்காகப் போட்டு சமநிலைக்கு வந்துவிட்ட ஒருவர். என் கணக்கில் அவருடைய உச்சம் 1,160. அவர் ஒரே ஒரு வாரம் மாத்திரையை மறக்கிறார். கடைசி மாத்திரையிலிருந்து பதினோராம் நாள் அவர் 794க்குக் கீழே வந்துவிடுவார். இத்தனை நாள் உடம்பில் தங்கும் மருந்தாயிற்றே, ஒரு வாரம் விட்டால் என்ன என்ற எண்ணம் எவ்வளவு இயல்பானதோ அவ்வளவு தவறானது. மருந்து உடம்பில் இருக்கும்தான். போதுமா என்பதுதான் கேள்வி.

இரத்தம் சொன்னது

விசாரணைக்கு உட்பட்ட 42 பேரிடம் முதலில் வாயால் கேட்டார்கள். வாரந்தோறும் மெஃப்ளோகுயின் ஒழுங்காகப் போட்டதாகச் சொன்னவர்கள் 23 பேர், அதாவது 55 விழுக்காடு. கொசு விரட்டி பூசியவர்கள் 19 பேர். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஏற்றிய உடுப்பு அணிந்தவர்கள் 5 பேர். கொசுவலைக்குள் தூங்கியவர் ஒருவர்கூட இல்லை. மழைக்கால லைபீரியாவில், திறந்தவெளி விமான நிலையத்தில், வலை இல்லாமல் உறக்கம். மருந்து பேச்சுக்கு வருவதற்கு முன்பே பாதி கோட்டை விழுந்திருந்தது. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். வலை கனமான பொருளல்ல, விலை உயர்ந்த பொருளுமல்ல.

பிறகு இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 794 நானோகிராமுக்கு மேல் மருந்து இருந்தவர்கள் 4 பேர். பத்து விழுக்காடு.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். அதுதான் இந்த ஆய்வின் நுட்பமான பகுதி. கல்லீரல் மெஃப்ளோகுயினைக் கார்பாக்சி மெஃப்ளோகுயின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. இந்தப் பொருளுக்கு மலேரியாவைக் கொல்லும் திறன் இல்லை, ஆனால் இரத்தத்தில் நெடுநாள் நிற்கும். முதல் மாத்திரை போட்ட புதிதில் இது கொஞ்சமாக இருக்கும், இரண்டு வாரம் ஆகும்போது தாய் மருந்தான மெஃப்ளோகுயினையே மிஞ்சும். வாரக்கணக்கில் மாத்திரை போட்டு வந்தவரிடம் தாய் மருந்தைப்போலப் பல மடங்காகச் சேர்ந்திருக்கும். ஆகவே இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் இவர் நேற்றுதான் மாத்திரை போட்டாரா, பல வாரமாகப் போட்டு வருகிறாரா என்று சொல்லிவிடலாம். விகிதம் 3.79க்கு மேல் இருந்தால் சமநிலைக்கு வந்தவர் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி இருந்தவர்கள் 9 பேர்.

23, 9, 4. இந்த மூன்று எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

23க்கும் 9க்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்ததும் "பொய் சொல்லியிருக்கிறார்கள்" என்று பலர் முடிவுகட்டுவார்கள். சிலர் சொல்லியிருக்கலாம், மேலதிகாரியின் முன்னால் நின்று "மாத்திரை போடவில்லை" என்று ஒப்புக்கொள்வது எந்தப் படையிலும் எளிதல்ல. ஆனால் மருந்தின் கணக்கு தெரிந்தவர் அவ்வளவு அவசரப்பட மாட்டார். ஐந்து வாரத்துக்கு முன் தொடங்கி ஒன்றுகூட விடாமல் விழுங்கிய ஒருவர் "ஒழுங்காகப் போட்டேன்" என்று சொன்னால் அது சத்தியம். ஆனாலும் அவர் சமநிலையை எட்டியிருக்க மாட்டார். வாரம் ஒரு முறை செய்யும் காரியத்தை மனிதர்கள் எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். போன ஞாயிறா, அதற்கு முந்தின ஞாயிறா என்பது கப்பலில் இருப்பவருக்குக் குழம்புவது சகஜம். தினசரிப் பழக்கத்துக்கு ஒரு பிடி உண்டு. வாரப் பழக்கத்துக்கு அது கிடையாது.

9க்கும் 4க்கும் இடையே உள்ள இடைவெளி அதைவிடப் பெரிய பாடம் என்பது என் கருத்து. விகிதம் சமநிலையைக் காட்டுகிறது, ஆனால் அளவு கோட்டுக்குக் கீழே. குறைந்தது ஐந்து பேராவது இப்படி இருந்திருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தினால் தாய் மருந்தும் கார்பாக்சி வடிவமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும். அதனால் விகிதம் பழைய ஒழுக்கத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், அளவு இன்றைய நிலையைச் சொல்லும். பல வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு அண்மையில் ஒன்றிரண்டை விட்டவருடைய இரத்தம் இப்படித்தான் இருக்கும். பதினோராம் நாள் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? உடல்வாகு காரணமாக மருந்தை வேகமாக வெளியேற்றுகிறவரிடமும் இதே தோற்றம் வரலாம். எது எவருக்கு என்று இந்த எண்களை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

விசாரணை செய்தவர்களின் முடிவு தெளிவானது: கொசுவிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளைப் பயன்படுத்தவில்லை, மாத்திரையை உரிய முறையில் எடுக்கவில்லை. அதை நான் மறுக்கவில்லை. அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். "மாத்திரை போடு" என்று சொல்வதோடு "இது எட்டு ஒன்பது வாரத்தில்தான் நிரம்பும், ஒரு வாரம் விட்டால் பதினோராம் நாள் இறங்கும்" என்று எண்களோடு சொல்லியிருந்தால், கேட்டவர்களில் சிலராவது அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைத் தேடிப் போட்டிருப்பார்கள். காரணம் தெரியாத கட்டளை களைப்பான இரவில் மறந்துபோகும்.

வேறு மாத்திரைகள், வேறு கணக்குகள்

எல்லா மலேரியா மாத்திரைக்கும் இதே கணக்கைப் போட்டுவிடக் கூடாது. அட்டோவாகுவோன்–புரோகுவானில் என்ற கூட்டு மாத்திரையைத் தினமும் போட வேண்டும். ஆனால் பயணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கினால் போதும், திரும்பி வந்தபின் ஏழு நாள் போட்டால் போதும். அது கல்லீரலில் இருக்கும்போதே ஃபால்சிபாரத்தைத் தாக்கும், அதனால்தான் நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. டாக்சிசைக்ளினும் தினசரி மாத்திரைதான். ஒரு நாளில் பாதிக்கு மேல் வெளியேறிவிடும். ஒரு நாள் மறந்தாலும் சுவர் சரிந்துவிடும் வகை. அது முக்கியமாக இரத்தத்தில் வேலை செய்வதால் திரும்பிய பிறகு நான்கு வாரம் தொடர வேண்டும். சீக்கிரம் வெளியேறும் மருந்துக்கும் நான்கு வாரம், மெதுவாக வெளியேறும் மெஃப்ளோகுயினுக்கும் நான்கு வாரம். காரணம் ஒட்டுண்ணியின் அட்டவணை, மருந்தின் அட்டவணை அல்ல.

குளோரோகுயின் இன்னும் விநோதமானது. மூன்று நாளில் சிகிச்சை முடிந்துவிடும், மருந்தோ திசுக்களில் புகுந்துகொண்டு மாதக்கணக்கில் கசியும். அதன் இறுதி அரை ஆயுள் ஒன்று முதல் இரண்டு மாதம். நம் ஊரில் அதிகம் காணும் வைவாக்ஸ் மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயினும் பதினான்கு நாள் பிரிமாகுயினும் கொடுக்கிறோம். பிரிமாகுயினின் அரை ஆயுள் சுமார் ஆறு மணி நேரம்தான். கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸை அழிப்பது அதன் வேலை. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் முன்பே சோதிக்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், உடனே பிரிமாகுயினை நிறுத்திவிடுகிறார்கள். சில வாரம் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இரத்தத்தில் குளோரோகுயின் காவல் நிற்கிறது. அது இறங்கியதும் உறங்கியது விழித்து வெளியே வரும். "போன மாதம்தானே முழுசா மருந்து சாப்பிட்டேன்" என்று வந்து நிற்பவர்களிடம் அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் பாதி மாத்திரை அப்படியே இருக்கும்.

காய்ச்சல் வந்த பிறகு

பெதஸ்டாவில் படுத்திருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு வகை வேகம். தடுப்பு மருந்துக்குப் பொறுமை அழகு. சிகிச்சை மருந்துக்கு அது ஆகாது. ஃபால்சிபாரம் பாதித்த சிவப்பணுக்கள் மூளையிலும் சிறுநீரகத்திலும் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். மணிக்கணக்கில் நிலைமை மாறும்.

இன்று உலகெங்கும் முதலிடத்தில் இருப்பது ஆர்ட்டிமிசினின் குடும்பம். சீனாவின் தூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றது இதன் கண்டுபிடிப்புக்காக. நரம்பு வழியாகச் செலுத்தும் ஆர்ட்டிசுனேட் உடம்பில் மாறி உருவாகும் செயல்வடிவத்தின் அரை ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள். வந்தது தெரியாமல் போய்விடும். ஆனால் ஒட்டுண்ணியின் ஒரு 48 மணி நேரச் சுற்றுக்குள் அதன் எண்ணிக்கையை ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்றாக்கிவிடும். காய்ச்சல் பொதுவாக ஒன்று இரண்டு நாளில் தணியும். மூன்றாம் நாளும் இரத்தத்தில் ஒட்டுண்ணி தெரிந்தால் மருத்துவர் விழித்துக்கொள்ள வேண்டும். மின்னல் வேகத்தில் கொன்றுவிட்டு மறையும் இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால், மிஞ்சிய சில ஒட்டுண்ணிகள் மீண்டும் தழைக்கும். அதனால் மெதுவாக வெளியேறும் துணை மருந்து ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதே குடும்பத்து ஆர்ட்டிமீத்தரோடு சேரும் லூமிஃபேன்ட்ரினின் அரை ஆயுள் மூன்று முதல் ஆறு நாள். மூன்று நாளில் ஆறு வேளை, கொழுப்பு உள்ள உணவோடு. வெறும் வயிற்றில் போட்டால் லூமிஃபேன்ட்ரின் சரியாக உறிஞ்சப்படாது. ஒரு டம்ளர் பாலாவது குடிக்கச் சொல்ல வேண்டும். முதல் நாளே காய்ச்சல் விட்டாலும் ஆறு வேளையும் முடிக்க வேண்டிய காரணம் அந்தத் துணை மருந்துதான்.

2003 அமெரிக்காவில் ஆர்ட்டிசுனேட் கைக்கெட்டும் மருந்தாக இல்லை. அங்கே அதற்கு முறையான அனுமதி கிடைத்ததே 2020இல்தான். குயினைன், குயினிடின், டாக்சிசைக்ளின், அட்டோவாகுவோன்–புரோகுவானில் ஆகியவையே அன்றைய கருவிகள். இங்கே மெஃப்ளோகுயினின் நீண்ட தங்கல் இன்னொரு முகம் காட்டுகிறது. குயினைன் வகை மருந்துகளை மெஃப்ளோகுயின் இருக்கும் உடம்பில் செலுத்தினால் இதயத்தின் மின்னோட்டம் பாதிக்கப்படலாம், வலிப்பும் வரலாம். நோயைத் தடுக்கப் போதாத அளவு மெஃப்ளோகுயின், அடுத்த மருந்தைக் கொடுக்கும் மருத்துவரின் கையைக் கட்டும் அளவுக்கு இருக்கக்கூடும். மலேரியா நாட்டிலிருந்து வந்து காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போகிறவர் "நான் இன்ன தடுப்பு மாத்திரை போட்டேன், கடைசியாக இன்ன தேதியில் போட்டேன்" என்று சொல்லியே ஆக வேண்டும் என்பதன் காரணம் இது. நான்கு மாத்திரை விட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அங்கே வெட்கப்பட இடமில்லை. தடுப்பு மாத்திரை போட்டவருக்கு மலேரியா வராது என்று எந்த மருத்துவராவது சோதனையைத் தள்ளிப்போட்டால், இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வெளியேறும் காலம்

மரைன்களில் சிலர் ஏன் மாத்திரையை விட்டார்கள் என்பதற்கு இந்த எண்களில் பதில் இல்லை. ஆனால் மெஃப்ளோகுயினைப் பற்றிய பயம் அந்தக் காலத்திலேயே படையினரிடையே பரவலாக இருந்தது. கெட்ட கனவு, தூக்கமின்மை, மனப்பதற்றம், தலைச்சுற்றல், சிலருக்கு மனநோய் அறிகுறிகள். அந்தப் பயம் கற்பனையல்ல. 2013 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மெஃப்ளோகுயினுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கையை, அதாவது மருந்துச் சீட்டில் இடக்கூடிய மிகக் கடுமையான எச்சரிக்கையை, விதித்தது. தலைச்சுற்றல், சமநிலை இழப்பு போன்ற நரம்புக் கோளாறுகள் மருந்தை நிறுத்திய பிறகும் தொடரலாம், சிலருக்கு நிரந்தரமாகக்கூட நிற்கலாம் என்று அது சொல்கிறது. மனநோய் வரலாறு உள்ளவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை கொடுக்கக் கூடாது. ஆகவே பயந்தவரைத் திட்டுவதில் பயனில்லை; அவருக்கு ஒத்துக்கொள்ளும் வேறு மாத்திரைக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்று மருந்துகள் 2003இலும் இருந்தன.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு அரை ஆயுள் என்பது வெறும் பாடமாக இருக்காது. டாக்சிசைக்ளின் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திய நான்கைந்து நாளில் அது உடம்பில் ஏறக்குறைய இருக்காது. அட்டோவாகுவோனுக்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். பொதுவாக ஐந்து அரை ஆயுட்காலம் கழிந்தால் நூற்றில் மூன்று பங்குதான் மிஞ்சும். மருந்து போய்விட்டது என்று அப்போது சொல்கிறோம். மெஃப்ளோகுயினுக்கு இதே கணக்கு, அரை ஆயுள் 20 நாள் என்றால், நூறு நாள். நான்கு வார அரை ஆயுள் உள்ளவருக்கு 140 நாள். அதை வேகப்படுத்த நிறையத் தண்ணீர் குடிப்பதும் வியர்க்க ஓடுவதும் உதவாது. இந்த மருந்தின் பெரும்பகுதி பித்தநீர் வழியாக மலத்தில் தன்போக்கில்தான் போகும்.

ஆகஸ்ட் கடைசியில் லைபீரியக் கரையை விட்டுக் கிளம்பி, சொன்னபடி நான்கு வாரமும் தவறாமல் மாத்திரை போட்ட ஒரு மரைன் தன் கடைசி மாத்திரையைச் செப்டம்பர் இறுதியில் விழுங்கியிருப்பார். பிறகு ஊர் திரும்பி, குளிர்காலம் வந்து, கிறிஸ்துமஸும் கழிந்து, 2004 ஜனவரியின் முதல் வாரம் வரை அந்த மாத்திரைகள் அவருடைய இரத்தத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்திருக்கும்.